டூட்டி ஷீட்டில் நான் மாற்றிய பெயர்

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனால் நீச்சல் குளத்தின் கரையில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது கையைத் தூக்குவது என்பதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கிட்டத்தட்ட ஒரு வருடம் என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். பஸ்ஸில் போகும்போது, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கும்போதுகூட. சொல்லிக்கொடுத்தது நான்.

ஆலங்காயத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் நீச்சல் போட்டி நடந்தால் அதில் வேலை செய்கிற அலுவலர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போட்டிக்கு வருகிறவர்கள் தண்ணீரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். நான் கரையில் வெள்ளை உடுப்போடு நிற்கிறவர்களைப் பார்ப்பேன். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர், பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டு வரிசையாக அனுப்புபவர், சுவரைத் தொட்டுத் திரும்பும் இடத்தில் நிற்கும் டர்ன் ஜட்ஜ், நடுவில் நடந்துகொண்டே நீச்சல் முறையைக் கவனிக்கும் ஸ்ட்ரோக் ஜட்ஜ். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு சான்றிதழுக்குமாக வருகிறவர்களும் உண்டு. யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே டூட்டி ஷீட் எழுதுவேன். போட்டி நடக்கும்போது ஒவ்வொருவராகக் கவனித்து, மதியம் தனியாக அழைத்துத் திருத்துவேன். பல போட்டிகளில் கடைசித் தீர்ப்புச் சொல்கிற ரெஃப்ரியும் நானேதான்.

எங்கள் போட்டிகள் ஜமுனாமரத்தூர் பக்கம் மலைமேல் ஓர் உறைவிடப் பள்ளியில்தான் நடக்கும். ஆறு லேன், இருபத்தைந்து மீட்டர் குளம். தை மாதக் காலையில் தண்ணீர்மேல் புகைபோலப் பனி நிற்கும். எதிர்க் கரையில் நிற்கிற ஜட்ஜின் கால் மட்டும் தெரியும், தலை தெரியாது. பனி விலகும்வரை போட்டியை ஆரம்பிக்க முடியாமல் எல்லாரும் டீ குடித்துக்கொண்டு நிற்போம்.

அப்படி ஒரு காலையில் இரண்டு ஜட்ஜுகள் ஆலங்காயத்தில் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். அடுத்த பஸ் மலையேறி வர மதியம் ஆகும். ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளியின் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் கையில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர்தான் அக்கா. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டுக்காரருக்குச் சாமை, புளி என்று கொஞ்சம் விவசாயம். பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறார் என்று தலைமையாசிரியர் சொன்னார். அவரைக் கூப்பிட்டு இரண்டாவது லேனுக்குப் பின்னால் நிறுத்தி, ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்து, எந்தப் பொத்தான் என்று மட்டும் காட்டினேன்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், இந்த நீச்சல்ல செவுத்த ஒரு கையால தொடலாமா?"

"கூடாது. ரெண்டு கையாலயும் ஒண்ணாத் தொடணும். ஏன்?"

"என் லேன்ல வந்த பொண்ணு முதல் தடவ திரும்பும்போது ஒரு கையால தொட்டுது. பக்கத்துல பாத்தா மத்தவங்கள்லாம் ரெண்டு கை வச்சாங்க. அதான் கேட்டேன்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்த ஜட்ஜ் அதைப் பார்க்கவில்லை. விதி என்னவென்றே தெரியாத ஒருவர் பார்த்திருக்கிறார். பத்து வருடமாக இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். "உனுக்கு ஒரு கூட்டாளி கெடச்சிடுச்சின்னு சொல்லு" என்றார்.

அதிலிருந்து இரண்டு வருடம் அக்கா சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்து என் வீட்டுக்கு இறங்கி வருவார். சாப்பாட்டு மேசைதான் எங்கள் குளம். என் மகளின் பழைய பொம்மை ஒன்று பரணில் கிடந்தது. அதன் கை இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். மேசையின் விளிம்பைச் சுவராக வைத்து பொம்மையைத் தள்ளிக்கொண்டு வருவேன். சில சமயம் இரண்டு கையையும் சேர்த்து வைப்பேன், சில சமயம் ஒன்றை ஒரு நூல் முன்னால் வைப்பேன். அந்தத் தப்பைப் பார்த்ததும் அக்கா உடனே கையைத் தூக்க வேண்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு அவரை ஏமாற்ற என்னால் முடியவில்லை. விதிகள் ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்காக ஓர் அட்டையில் எல்லாவற்றையும் தமிழில் எழுதிக்கொடுத்தேன். எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஜட்ஜ் கையைத் தூக்கினால் ரெஃப்ரி வந்து கேட்க வேண்டியவை அவை. எங்கே நின்றீர்கள்? என்ன பார்த்தீர்கள்? எந்த விதி? ஒரு பதிலில் தடுமாற்றம் இருந்தாலும் அந்தப் பிள்ளையைப் போட்டியிலிருந்து நீக்கக் கூடாது. "சந்தேகம்னா அது புள்ளைக்குத்தான் சேரணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

"நீங்க எப்டிக்கா இவ்ளோ கரெக்டா பாக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற எங்கியும் பாக்க மாட்டேன் டீச்சர். அவ்ளோதான்" என்றார்.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது எப்போது வேறொன்றாக மாறியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு போட்டியில், பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர், "அந்தம்மா நிக்கிற பக்கம்னா நமக்குக் கவலையே இல்லீங்க" என்றார். என் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். இன்னொரு போட்டியில், எந்தத் தீர்ப்புக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிற ஒரு பயிற்சியாளர், கை தூக்கியது யார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்களா? அப்ப சரி" என்று திரும்பிப் போய்விட்டார். என் பன்னிரண்டு வருட விசிலுக்குக் கிடைக்காத மரியாதை அது. அன்று மதியம் வழக்கம்போல ஒவ்வொருவரையும் அழைத்துத் திருத்தும்போது அக்காவிடம், "நீங்க கொஞ்சம் சீக்கிரமா கையத் தூக்கறீங்க" என்று சொன்னேன். அவர் சீக்கிரமாகத் தூக்கவில்லை. சரியாகத்தான் தூக்கினார். அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. மாநிலப் போட்டிக்கு ஜட்ஜாகப் போக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். ஒரே ஒரு முறை சென்னைக்குக் கூப்பிட்டு, ஸ்டாப்வாட்ச் கொடுத்து, கடைசி லேனில் நிறுத்தினார்கள். அதன் பிறகு கூப்பிடவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் பட்டியல் வரும்போது என் பெயரைத் தேடுவேன். எட்டு வருடம் தேடியிருக்கிறேன்.

போன வருடம் சென்னையிலிருந்து ஒரு மேடம் எங்கள் மலைப் போட்டியைப் பார்க்க வந்தார். மாநிலப் போட்டிக்கு அலுவலர்களைத் தேர்வு செய்கிறவர்களில் ஒருவர். அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. அவருக்காக முதல் நாளே ஜமுனாமரத்தூருக்குப் போய் அறை பார்த்து வைத்தேன். அவர் என்னோடு உட்கார்ந்து பேசுவார், என் டூட்டி ஷீட்டைப் பார்ப்பார், இந்த மலைமேல் ஆளில்லாத இடத்தில் இத்தனை பேரை எப்படித் தயார்செய்தீர்கள் என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன்.

மூன்றாவது போட்டி பையன்களின் பேக் ஸ்ட்ரோக். டர்னில் அக்கா கையைத் தூக்கினார். நான் போவதற்குள் மேடம் அங்கே போய்விட்டார். மூன்று கேள்வி கேட்டார். அக்கா நிதானமாகப் பதில் சொன்னார். மேடத்தின் முகம் மலர்ந்ததைக் குளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாளும் மேடம் அந்த முனையை விட்டு நகரவில்லை. மதியம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் மோர் கொண்டுபோனபோது மேடம் அக்காவின் தோளைத் தட்டி, "இனிமே எந்த டவுட்னாலும் எனக்கு போன் பண்ணுங்க. என்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மோரை வைத்துவிட்டு வந்தேன். "தேங்க்ஸ்மா" என்றார் மேடம், நிமிர்ந்து பார்க்காமல்.

அதிலிருந்து அக்காவின் பேச்சில் 'மேடம் சொன்னாங்க' வர ஆரம்பித்தது.

"மேடம் ஓரடி பின்னால தள்ளி நிக்கச் சொன்னாங்க டீச்சர். அப்பதான் ரெண்டு லேனும் ஒண்ணாத் தெரியுமாம்."

நான் சுவரை ஒட்டி நிற்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அடுத்த முறை மலைக்குப் போனபோது, யாரும் இல்லாத நேரத்தில் குளத்தின் முனையில் இரண்டு இடத்திலும் நின்று பார்த்தேன். ஓரடி பின்னால் நின்றால்தான் நன்றாகத் தெரிந்தது. மேடம் சொன்னது சரியென்று தெரிந்ததுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

சனிக்கிழமைகளில் அக்கா வருவது குறைந்தது. "மேடம் போன்லயே சொல்லிட்டாங்க" என்பார். என் அட்டையின் இடத்தில் மேடம் அனுப்பிய அச்சடித்த அட்டை வந்தது. ஆங்கிலம். அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். மாநிலப் போட்டிக்கான விண்ணப்பம். வட்டாரப் பொறுப்பாளர் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும். மேசைமேல் வைத்துப் படித்தேன். எல்லாம் நல்ல கையெழுத்தில் நிரப்பியிருந்தார். 'பயிற்சி அளித்தவர்' என்ற இடத்தில் மேடத்தின் பெயர் இருந்தது.

நான் அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தேன் போலிருக்கிறது. அக்கா பார்த்துவிட்டார்.

"அவங்க பேரு போட்டாத்தான் மேல எடுத்துக்குவாங்கன்னு மேடமே சொன்னாங்க டீச்சர்."

"சரிக்கா. அதுக்கென்ன" என்றேன். கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்திக்கொடுத்தேன். அவர் டீ குடிக்காமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

வீட்டில் நான் பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சமையலறைக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஃபாரம்தானே? உட்டுத் தள்ளு. உனுக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும்" என்றார்.

"ரெண்டு வருஷம் இந்த மேசையில பொம்மையத் தள்ளினேன்."

"இன்னாமே, பொறாமையா?"

"பொறாமை இல்ல. நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றேன். பொறாமை என்று எனக்கும் தெரியும். ஆனால் நன்றி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் நியாயம் என் பக்கம் இருப்பதுபோல இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த போட்டி அதே மலைப் பள்ளியில். மேடம் மறுபடியும் வருவதாகத் தகவல் வந்தது. அக்காவை டர்னில் நிற்கவைத்து, ஒரு நாள் முழுக்கப் பார்த்து மதிப்பெண் போட்டால்தான் விண்ணப்பம் மேலே போகும். முதல் நாள் மாலை டூட்டி ஷீட் எழுத உட்கார்ந்தேன். டர்ன் ஜட்ஜ் என்ற இடத்தில் பழக்கத்தில் அக்காவின் பெயரை எழுதிவிட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடித்துவிட்டு, அடிவாரத்து ஊர்ப் பள்ளி ஒன்றின் கணக்கு ஆசிரியர் பெயரை எழுதினேன். நல்ல மனிதர். ஆனால் பாதிக் கவனம்தான் குளத்தில் இருக்கும். அதையும் நான்தான் பலமுறை அவரிடம் சொல்லித் திருத்தியிருக்கிறேன். அக்காவின் பெயரைக் கால் ரூமில் போட்டேன். குளத்துக்குப் பின்னால் ஒரு வகுப்பறை அது. போட்டிக்குப் போகிற பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைக்கிற வேலை. அங்கிருந்து குளமே தெரியாது.

அடித்தது தெரியக்கூடாது என்று முழு ஷீட்டையும் புதுத் தாளில் மறுபடி எழுதினேன்.

காலையில் அக்கா ஷீட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"கால் ரூம்ல சின்னப் பிள்ளைங்க ஓடறாங்கக்கா. உங்களால மட்டும்தான் அடக்க முடியும்" என்றேன்.

"சரி டீச்சர்" என்று போய்விட்டார்.

மேடம் வந்ததும் டர்ன் பக்கம் பார்த்தார். "அவங்க எங்கே?"

"கால் ரூமுக்கு ஆள் இல்ல மேடம்."

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு ரிசல்ட் எழுதும் மேசையருகே உட்கார்ந்துவிட்டார். அன்று காலை முழுவதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். குளத்தைச் சுற்றி நடக்கும்போது கால் லேசாக இருந்தது.

பதினோரு மணிக்குமேல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களின் நூறு மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் இறுதிச் சுற்று. மூன்றாவது லேனில் அந்த மலைப் பள்ளியின் பெண். முழங்கை எலும்பு தெரிய ஒல்லியாக இருப்பாள். முதல் ஐம்பது மீட்டரில் அவளும் நான்காவது லேன் பெண்ணும் ஒட்டி ஒட்டி வந்தார்கள். கடைசித் திருப்பத்துக்குப் பிறகு அவள் பிரிந்து முன்னே போனாள். முதலாவதாகச் சுவரைத் தொட்டாள். விடுதிப் பிள்ளைகள் கத்திய கத்தலில் என் விசில் எனக்கே கேட்கவில்லை.

கணக்கு ஆசிரியரின் கை மேலே இருந்தது.

நான் அவரிடம் நடந்தேன். எங்கே நின்றீர்கள்? "டர்ன்லதான் டீச்சர், இங்கியேதான்." என்ன பார்த்தீர்கள்? "ஒரு கையாலதான் தொட்டுச்சு. மூணாவது... ஆமா, மூணாவது லேன்." எந்த விதி? அதைச் சரியாகச் சொன்னார்.

அந்த இரண்டு 'மூணாவது'க்கு நடுவில் இருந்த இடைவெளியை நான் கேட்டேன். கேட்காமலில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பேன், பிள்ளைக்குச் சேரட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் மேடம் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய ஜட்ஜின் தீர்ப்பை நானே தள்ளினால், அந்த இடத்தில் அவரை நிறுத்தியதே தப்பு என்று ஆகிவிடும். அந்தப் பெண்ணை நீக்கும் சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மைக்கில் அறிவித்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்தில் யாரோ சொன்னதும் கரையேறி, துண்டைக்கூட எடுக்காமல், அக்கா இருந்த கால் ரூமை நோக்கி ஓடினாள். அவள் பள்ளியின் பயிற்சியாளர் புதியவர். எதிர்த்துக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பத்து நிமிடம் கழித்து அக்கா வந்தார். தண்ணீர்க் கரைவரை வராமல் கயிறு கட்டிய இடத்திலேயே நின்றார். புடவையின் தோள் பக்கம் நனைந்திருந்தது.

"டீச்சர், வாத்தியாருக்கு லேன் நம்பரு நிச்சயமாத் தெரியுமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"உங்க வேலைய நீங்க பாருங்கக்கா. அங்க பிள்ளைங்க சத்தம் போடுது."

"சரிங்க டீச்சர்" என்றார். அந்த 'ங்க' எனக்குப் புதிதாக இருந்தது. அதுவரை 'சரி டீச்சர்' என்றுதான் சொல்வார்.

அடுத்த இரண்டு போட்டிகளில் நான் விசில் ஊதினேன், பிள்ளைகள் குதித்தார்கள், நீந்தினார்கள். எதுவும் என் கண்ணில் நிற்கவில்லை. இரண்டாவது முடிந்ததும் கணக்கு ஆசிரியரை மோட்டார் அறைக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

"சார், உண்மையச் சொல்லுங்க. மூணா, நாலா?"

அவருக்கு வேர்த்திருந்தது. "ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டாங்க டீச்சர். ரெண்டு பேருக்கும் நீலத் தொப்பி. ஒரு கை நல்லாத் தெரிஞ்சிது. ஆனா அது யாரு கைன்னு... எனக்கு டவுட்டுதான். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, அப்ப சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்."

அவர் என்னை நம்பியிருக்கிறார். நான் அவரை நம்பாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. "நீங்க போங்க சார்" என்று அனுப்பிவிட்டு, ரிசல்ட் மேசைக்குப் போய் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, நேரத்தையும் எழுதினேன். மைக்கை நானே வாங்கி அறிவித்தேன். நீக்கியது என் தவறு, மூன்றாவது லேன் முதலிடம் என்றேன்.

அதனால் மூன்றாம் இடத்தில் வைத்திருந்த ஒரு பெண் நான்காம் இடத்துக்குப் போனாள். அவளுடைய அப்பா டவுன்காரர். நேராக என்னிடம் வந்தார்.

"மலை ஸ்கூல்ல போட்டி வச்சா மலைப் புள்ளைக்குத்தான் குடுப்பீங்களா? மொதல்ல ஒண்ணு சொல்றீங்க, அப்பால ஒண்ணு சொல்றீங்க. இன்னா ரெஃப்ரி நீங்க?"

"தப்பு என்னுதுங்க" என்றேன். அவர் இன்னும் நிறையச் சொன்னார். அவருடைய பெண் பின்னால் நின்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு மேடம் எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"அந்த டர்ன்ல யார் நின்னிருக்கணும்?"

"அவங்கதான் மேடம்."

"ஏன் போடலை?"

கையிலிருந்த டூட்டி ஷீட்டை மடித்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "மதியத்துல இருந்து அவங்களை அங்க போடுங்க" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கேன்சல் பண்ணீங்களே, அது நல்லது. நிறைய பேர் பண்ண மாட்டாங்க" என்றார். அவர் என்னைப் பாராட்டிய முதல் வார்த்தை அதுதான். எட்டு வருடம் காத்திருந்தது இதற்காகவா என்று இருந்தது.

மதியம் அக்கா டர்னில் நின்றார். ஓரடி பின்னால்தான். மூன்று முறை கையைத் தூக்கினார். மூன்று முறையும் நான் போய்க் கேட்டேன். மூன்றும் சரி. மேடம் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

போட்டி முடிந்து, நான் கீழே இறங்கும் பஸ்ஸுக்காகப் பள்ளி வாசலில் நின்றபோது அக்கா வந்தார். விடுதியிலிருந்து ஒரு டப்பாவில் எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். எப்போதும் கொண்டுவருவதுதான். அன்றும் கொண்டுவந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் வேணும்னேதான் உங்கள கால் ரூம்ல போட்டேன்."

"தெரியும் டீச்சர்."

"எப்டி?"

"ரெண்டு வருசமா நீங்க ஷீட்டு எழுதும்போது பக்கத்துல குந்திக்கினு இருந்தவ நானு. வாத்தியார நீங்க எங்க போடுவீங்க, எங்க போட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான் அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முடிக்கவிடவில்லை.

"அந்தப் பேர எழுதும்போது எனக்கும் நல்லா இல்ல. ஆனா போவணும்னு இருந்துது டீச்சர். நான் இந்த மலையத் தாண்டி வேலூருக்குப் போயிருக்கேன், திருப்பத்தூருக்குப் போயிருக்கேன். அதுவும் ஆஸ்பத்திரிக்குத்தான். உங்க பேரு போட்டா எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. எனக்குப் போவணும், அதான் பாத்தேன். அது தப்புன்னா தப்புதான்."

"தப்பு இல்லக்கா."

"எனக்குப் பண்ணதுகூட போவட்டும். அந்தப் புள்ள என் மேல சாஞ்சிக்கினு அழுதுது. நான் இன்னா தப்புமா பண்ணேன், நான் இன்னா தப்புமா பண்ணேன்னு. நான் இன்னான்னு சொல்லட்டும் அதுக்கு? அடுத்த ரேசுக்குப் பேரு கூப்புடணும், அத ஒரு கையால புடிச்சிக்கினே கூப்புட்டேன்."

அவர் குரல் உயரவில்லை. பஸ் வந்தது. டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, "போய்ட்டு போன் பண்ணுங்க. கொண்டை ஊசிப் பக்கம் மண்ணு சரிஞ்சிருக்காம், பஸ்சு மெதுவாத்தான் போவும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தேன். "சரி டீச்சர்" என்றார்.

இந்த வருடம் மாநிலப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. ஆலங்காயத்துத் தையல்காரரிடம் அவருக்கு இரண்டு செட் வெள்ளைச் சுடிதார் தைக்கக் கொடுத்து, நானே வாங்கி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். பெருந்தன்மையால் அல்ல. ஏதாவது ஒரு விதத்தில் நானும் அதில் இருக்க வேண்டும் என்று இருந்தது.

சென்னையில் நடந்த போட்டியை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள். சனிக்கிழமை மதியம் சமையலறையில் போனை உப்பு டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்த்தேன். குளம் பெரியது, ஐம்பது மீட்டர், எட்டு லேன். திரும்பும் முனையில் வெள்ளையாக எட்டுப் பேர் நின்றார்கள். முகம் தெரியவில்லை. ஓரடி பின்னால் நிற்கிறவர் யார் என்று பார்த்தேன். எல்லாருமே ஓரடி பின்னால்தான் நின்றார்கள். கடைசியில் நிற்கிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டாமல், பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்.

அவர் தப்புச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். பெரிய தப்பு வேண்டாம். ஒரு சின்னத் தடுமாற்றம். மேடம் முகம் சுளிக்கிற அளவுக்கு. அப்போது ஒரு பட்டர்ஃப்ளை போட்டியில் அந்த முனையில் ஒரு கை உயர்ந்தது. அவர் கைதான். நான் எழுந்து நின்றுவிட்டேன். ரெஃப்ரி அவரிடம் நடந்து போனார். இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. என் வாய் தானாக முணுமுணுத்தது: எங்க நின்னீங்க, இன்னா பாத்தீங்க. நான் அவர் தோற்க வேண்டும் என்று நினைத்தேனா, ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேனா என்று அந்த நிமிடத்தில் எனக்கே தெரியவில்லை. ரெஃப்ரி தலையாட்டிவிட்டுச் சீட்டில் எழுதினார். பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர், "தோ பாரு, கொழம்பு அடிபுடிக்குது" என்று அடுப்பை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா போன் செய்தார். கால் வீங்கிவிட்டது, ஹாஸ்டல் சாப்பாட்டில் உப்பே இல்லை, மேடம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார், அலை இவ்வளவு உயரம் வருகிறது என்றெல்லாம் சொன்னார். அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். அது நம் மலைப் போட்டி நடக்கும் அதே தேதி.

"டர்ன்ல யாரப் போடுவீங்க டீச்சர்?"

"நானே நின்னுக்கிறேன்" என்றேன்.

"நீங்க நின்னீங்கன்னா ரெஃப்ரி யாரு?"

அதை நான் யோசிக்கவில்லை. "பாத்துக்கலாம்கா. நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு நெஞ்சில் அந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது, அளவு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். வெள்ளைத் தாளை எடுத்து அடுத்த மாதத்து ஷீட்டை எழுத ஆரம்பித்தேன். டர்ன் ஜட்ஜ் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மற்றவர்கள் பெயரை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனேன்.